பிரஷ்யப் போதகர் குடும்பத்தின் கொடிவழியைத் தேடும் முறை

ஜெர்மானியக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு, அவ்வூர்த் தேவாலயத்தின் பதிவேடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் புரட்டுவார்கள். பல தலைமுறைகள் ஒரே மண்ணில் வாழ்ந்த உழவர் குடும்பங்களுக்கு அந்த வழி பொருந்தும். போதகர் குடும்பத்துக்குப் பொருந்தாது. வட ஜெர்மனியின் பழைய அரசான பிரஷ்யாவின் புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவர் ஓர் ஊரில் பிறந்து, வேறோர் ஊரில் லத்தீன் பள்ளியில் படித்து, மற்றோர் ஊரில் பல்கலைக்கழகத்தை முடித்து, பிரபு வீடொன்றில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சில ஆண்டுகள் காத்திருந்து, அதன் பிறகே முதல் சேகரத்தை, அதாவது தம் பொறுப்பிலான சபை வட்டாரத்தை, பெறுவார். அங்கிருந்து இன்னும் பெரிய சேகரத்துக்கு மாற்றலாகி, கடைசியில் யாரும் எதிர்பாராத ஊரில் அடக்கம் செய்யப்படுவார். ஆகவே இத்தகைய குடும்பத்தைத் தேடுகிறவர் ஊரைப் பின்தொடராமல் படிப்பையும் பதவியையும் பின்தொடர வேண்டும். பள்ளியும் பல்கலைக்கழகமும் திருச்சபை நிர்வாகமும் அவரைப் பற்றி எழுதி வைத்த தடயங்களே அடுத்து எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதைக் காட்டும். தேவாலயப் பதிவேடு அதைச் சரிபார்க்கும் சான்று.

இந்த முறையை விளக்க இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று தத்துவவாதி ஃபிரீட்ரிஷ் நீட்சேயின் குடும்பம். மற்றொன்று இறையியலாளர் ஃபிரீட்ரிஷ் ஷ்லையர்மாகரின் குடும்பம். இரண்டும் ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்டவை என்பதால், புதியவர்கள் தங்கள் கையைப் பழக்கிக்கொள்ள ஏற்றவை.

கையில் உள்ளதை எழுதுங்கள்

தெரிந்த தலைமுறையிலிருந்து தெரியாத தலைமுறைக்குப் போகவேண்டும். புகழ்பெற்ற ஒருவரை மூதாதையாக வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வர முயல்கிறவர்கள் பெயரொற்றுமையில் ஏமாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். 1898-இல் ஸ்டெஃபான் கெகுலே பரவலாக்கிய முறைப்படி, யாரிடமிருந்து தொடங்குகிறோமோ அவர் 1, தந்தை 2, தாய் 3, தந்தையின் பெற்றோர் 4, 5, தாயின் பெற்றோர் 6, 7. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண் கிடைக்கும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்பதையும், அந்தப் பதிவை நீங்களே பார்த்தீர்களா, பிறர் எழுதியதை எடுத்தீர்களா என்பதையும் குறியுங்கள்.

வீட்டில் பழைய வேதாகமம், பாட்டுப்புத்தகம், குருப்பட்டச் சான்றிதழ், நியமனக் கடிதம் ஏதேனும் இருந்தால் அவற்றின் உள்ளட்டைகளைப் பாருங்கள். போதகர் குடும்பங்களில் பிள்ளைகளின் பிறப்பை அங்கே எழுதி வைப்பது வழக்கம். 1933-க்குப் பிறகு நாஜி அரசு பூர்வீகச் சான்று கேட்டதால் அக்காலத்தில் நிரப்பப்பட்ட வம்சாவளிக் கையேடுகளும் பல வீடுகளில் உள்ளன. அவை பயனுள்ள தொடக்கம்தான். ஆனால் அச்சத்தின் கீழ் உருவான ஆவணங்கள் என்பதால், யூத மூதாதையரை மறைக்கவோ சங்கடமான பிறப்பை மழுப்பவோ காரணம் இருந்த காலம் அது என்பதை நினைவில் கொண்டு, அவற்றின் ஒவ்வொரு வரியையும் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

குடும்பக் கதைகளையும் எழுதி வையுங்கள், ஆனால் தனித்தாளில். நீட்சே தம் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் என்று உறுதியாக நம்பினார். அதைத் தம் நூலிலும் எழுதினார். அவருடைய முன்னோரைத் தேடியவர்கள் கண்டது வேறு: தந்தையும் பாட்டனாரும் போதகர்கள், பாட்டனாரின் தந்தை கோட்ஹெல்ஃப் எங்கல்பெர்ட் நீட்சே பிப்ரா என்னும் சிற்றூரில் சுங்கவரி அதிகாரி. போதகர் வம்சம் என்று சொல்லப்படும் பல குடும்பங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன; வரி அதிகாரி, பள்ளி ஆசிரியர், வசதியுள்ள கைவினைஞர் ஆகியோரின் மகன் ஒருவன் பல்கலைக்கழகம் போகிறான், அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைகள் போதகர் குடியிருக்கும் குருமனையிலேயே வளர்கின்றன.

ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள்

பிரஷ்யா என்ற பெயர் ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒவ்வோர் அளவிலான நிலத்தைக் குறித்தது. நீட்சே 1844 அக்டோபர் 15 அன்று பிறந்த ரோக்கன் அப்போது பிரஷ்யாவின் சாக்சனி மாகாணத்தில் இருந்தது. 1815-க்கு முன் அதே நிலம் சாக்சனி அரசருக்கு உரியது. பாட்டனார் ஃபிரீட்ரிஷ் ஆகஸ்ட் லூட்விக் நீட்சே ஐலன்பூர்க் நகரில் திருச்சபையின் வட்டக் கண்காணிப்பாளராக இருந்தபடியே, ஊர் மாறாமல், சாக்சனியின் குடிமகனிலிருந்து பிரஷ்யாவின் குடிமகனாக மாறினார். எனவே அவருடைய இளமைக்காலத் தடயங்களை பிரஷ்ய நிர்வாக ஆவணங்களில் தேடுவது வீண். சாக்சனியின் கல்வி நிறுவனங்களான லைப்சிக், விட்டன்பெர்க் பக்கம் பார்க்கவேண்டும். ரைன் பகுதி, வெஸ்ட்ஃபாலியா, முன்பு சுவீடனிடம் இருந்த பொமரேனியப் பகுதி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

1945-க்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப், ஸ்டோல்ப் இன்று ஸ்வுப்ஸ்க், கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். பழைய ஜெர்மன் பெயர், இன்றைய பெயர், மாகாணம், வட்டம், சேகரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வோர் ஊருக்கும் குறித்துக்கொண்ட பிறகே ஆவணத்தைத் தேடுங்கள். 1912-இல் வெளியான மேயர் ஊரகராதியின் இணையப் பதிப்பு இதற்குப் பெரிதும் உதவும். நாய்யன்டோர்ஃப், ஷோனாவ் போன்ற பெயர்களில் பல ஊர்கள் இருப்பதால், வட்டத்தின் பெயர் இல்லாத ஊர்ப்பெயரை எங்கும் எழுத வேண்டாம்.

அரசின் குடிமைப் பதிவு

பிரஷ்யாவில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு அலுவலகம் பதிவு செய்யத் தொடங்கியது 1874 அக்டோபர் 1 அன்று. ரைன் நதியின் இடக்கரையில் பிரெஞ்சு ஆட்சியின் விளைவாக 1798-இலிருந்தே குடிமைப் பதிவு உண்டு. 2009 முதல் நடைமுறையிலுள்ள ஜெர்மன் சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டுகள், திருமணப் பதிவு 80 ஆண்டுகள், இறப்புப் பதிவு 30 ஆண்டுகள் கடந்த பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போய் எல்லோரும் பார்க்கக்கூடியதாகிறது. அதற்கு உட்பட்ட பதிவுகளுக்கு நேர்வழி வாரிசு என்பதை நிறுவவேண்டும். இறப்புப் பதிவில் பெற்றோரின் பெயர் இருப்பதுண்டு. அதைச் சொன்னவர் துக்கத்தில் இருந்த மகனோ அண்டை வீட்டாரோ என்பதால், அந்தப் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

போதகர் நிரல் நூல்கள்

மற்றக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி போதகர் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு உண்டு. மாகாணந்தோறும், பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்த காலத்திலிருந்து ஒவ்வொரு சேகரத்திலும் பணியாற்றிய போதகர்களை வரிசைப்படுத்திய நூல்கள் உள்ளன. ஜெர்மன் மொழியில் இவற்றை ஃபாரர்பூக் என்பார்கள். பிராண்டன்பூர்க் பகுதிக்கு ஓட்டோ ஃபிஷர் தொகுத்து 1941-இல் வெளிவந்த நூல் இன்றும் அடிப்படையானது. அதன் ஒரு பகுதி ஊர்வாரியாகவும் மற்றொரு பகுதி ஆள்வாரியாகவும் அமைந்திருப்பதால் இரு வழியிலும் தேடலாம். பொமரேனியாவின் ஸ்டெட்டின் வட்டாரத்துக்கு 1903-இலும் கோஸ்லின் வட்டாரத்துக்கு 1912-இலும் நூல்கள் வந்தன. கிழக்கு பிரஷ்யாவுக்கு 1968-இல் ஹாம்பூர்கில் ஒரு தொகுப்பு வெளியானது. நீட்சே குடும்பம் வாழ்ந்த சாக்சனி மாகாணத்துக்கு 2003-க்கும் 2009-க்கும் இடையே பத்துத் தொகுதிகளில் விரிவான நிரல் வந்துள்ளது.

இந்நூல்களில் ஒரு போதகரைப் பற்றிய பதிவு பெரும்பாலும் ஐந்தாறு வரிகளே இருக்கும். பிறந்த ஊரும் நாளும், தந்தையின் பெயரும் தொழிலும், படித்த பள்ளி, பல்கலைக்கழகம், குருப்பட்டம் பெற்ற ஆண்டு, சேகரங்கள், மனைவியின் பெயரும் அவளுடைய தந்தையின் பதவியும், பிள்ளைகளின் பெயர்கள் என எல்லாம் சுருக்கக் குறிகளில் அடைத்திருக்கும். நூலின் முன்பக்கத்தில் உள்ள சுருக்கக்குறி விளக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிறகு அந்த வரிகளை ஒரு காலவரிசையாக மாற்றி எழுதுங்கள். நீட்சேயின் தந்தை கார்ல் லூட்விகை எடுத்தால், 1813-இல் ஐலன்பூர்கில் பிறப்பு, ஹாலேயில் இறையியல் படிப்பு, ஆல்டன்பூர்க் அரண்மனையில் இளவரசிகளுக்கு ஆசிரியப் பணி, 1842-இல் ரோக்கன் சேகரம், 1843-இல் திருமணம், 1849-இல் மரணம் என்று ஒரு வாழ்க்கை ஆறு படிகளில் விரிகிறது. ஒவ்வொரு படியும் வேறொரு காப்பகத்தின் கதவு.

நிரல் நூல்களில் பிழைகளும் உண்டு. தொகுத்தவர்கள் பல நேரம் பழைய பட்டியல்களிலிருந்து எடுத்தெழுதினார்கள். ஒரே பெயருடைய தந்தையும் மகனும் ஒரே சேகரத்தில் அடுத்தடுத்துப் பணியாற்றிய இடங்களில் இருவரும் ஒருவராகிவிடுவதுண்டு. பணிக்காலம் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டால் ஐயப்படுங்கள். பதவிப் பெயர்களையும் கவனித்துப் படியுங்கள். டியாக்கோனுஸ் என்பது பிரஷ்ய நகரச் சபையில் குருப்பட்டம் பெற்ற இரண்டாம் போதகரைக் குறிக்கும். அட்ஜுங்ட் என்பவர் முதிர்ந்த போதகருக்குத் துணையாக, பெரும்பாலும் அவர் இடத்துக்கு வரும் உரிமையோடு அமர்த்தப்பட்டவர். ரெக்டர், கான்டர் ஆகியோர் பள்ளிப் பணியில் இருந்தவர்கள், பலர் அங்கிருந்தே போதகராக உயர்ந்தார்கள்.

படிப்பின் தடம்

என் கருத்தில், இந்தத் தேடலில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் மிக அதிகமாகப் பலன் தருவதும் பள்ளி, பல்கலைக்கழக ஆவணங்களே. பல்கலைக்கழகச் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயரோடு ஊர்ப்பெயரும் எழுதப்பட்டது. பிற்காலத்தில் தந்தையின் தொழிலும் சேர்ந்தது. 1544-இல் நிறுவப்பட்ட கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் 1829 வரையிலான சேர்க்கைப் பதிவுகள் 1910-க்கும் 1917-க்கும் இடையே அச்சாயின. ஓடர் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் 1506 முதல் 1811 வரையிலான பதிவுகளும் அச்சில் உள்ளன. அந்தப் பல்கலைக்கழகம் 1811-இல் பிரெஸ்லாவுக்கு மாற்றப்பட்டது. விட்டன்பெர்க் 1817-இல் ஹாலேயோடு இணைந்தது. பெர்லின் 1810-இலும் பான் 1818-இலும் தொடங்கின. ஒருவர் இளமையில் இருந்த ஆண்டையும் அவருடைய மாகாணத்தையும் இந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால், தேடவேண்டிய பதிவேடுகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் இது இன்னும் எளிது. முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் அரசர் 1729-இல் பிறப்பித்த ஆணைப்படி, பிரஷ்யாவில் லுத்தரன் போதகராக விரும்புகிறவர் ஹாலேயில் இரண்டாண்டுகள் படித்திருக்கவேண்டும்.

சேர்க்கைப் பதிவேட்டின் ஆண்டை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணிக்கும்போது நிதானம் வேண்டும். பழைய காலத்தில் பேராசிரியர்களின் மகன்களும் போதகர்களின் மகன்களும் சிறுவயதிலேயே பெயரைப் பதிந்துவைத்ததுண்டு. பெரும்பாலோர் பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட வயதில் சேர்ந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பள்ளி ஆண்டறிக்கைகளைப் போன்ற புதையல் வேறில்லை. பிரஷ்யாவில் 1824 முதல் கிம்நாசியம் எனப்படும் உயர்நிலைப் பள்ளிகள் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு ஒன்றோடொன்று பரிமாறிக்கொண்டன. இறுதித் தேர்வில் தேறியவர்களின் பட்டியல் அதில் இருக்கும். பெயர், வயது, பிறந்த ஊர், தந்தையின் தொழில், எத்தனை ஆண்டுகள் அப்பள்ளியில் படித்தார், மேலே என்ன படிக்கப் போகிறார் என்பன பலவற்றில் அடங்கும். கீசன் பல்கலைக்கழக நூலகத்தில் இவ்வறிக்கைகளின் பெருந்தொகுப்பு உள்ளது. பல இணையத்திலும் கிடைக்கின்றன. தந்தை போதகர் என்று ஒரு வரி கிடைத்தால், அவர் எந்த ஊர்ப் போதகர் என்பதும் பெரும்பாலும் அதே வரியில் இருக்கும்.

போதகர் மகன் மருத்துவராகவோ பள்ளி ஆசிரியராகவோ போயிருந்தால் அவருடைய முனைவர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் தேடுங்கள். அக்கால ஆய்வேடுகளில், பெரும்பாலும் லத்தீனில், தன்வரலாற்றுக் குறிப்பு ஒன்று கட்டாயமாக இடம்பெற்றது. பிறந்த நாள், தந்தையின் பெயரும் பதவியும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சமயம், படித்த பள்ளிகள் எல்லாம் அவரே சொன்னவையாக அதில் இருக்கும். ஆசிரியர்களாகப் போனவர்களின் பணித்தாள்கள் பெர்லினிலுள்ள கல்வி வரலாற்று ஆய்வு நூலகத்தில் பெருந்தொகையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

படிப்புக்கும் முதல் சேகரத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் இடைவெளி விழுந்தால் கலங்கவேண்டாம். தேர்வு எழுதிய இளைஞர் காலியிடம் வரும்வரை பிரபு வீட்டில் ஆசிரியராக இருப்பது வழக்கம். ஷ்லையர்மாகர் 1790-இல் முதல் தேர்வை எழுதிவிட்டு, கிழக்கு பிரஷ்யாவில் ஷ்லோபிட்டனிலுள்ள டோனா பிரபு குடும்பத்தில் ஆசிரியராக இருந்தார். 1794-இல்தான் லான்ட்ஸ்பெர்கில் துணைப் போதகரானார். பண்ணைக்கு உரிய பிரபுவே பல சிற்றூர்த் தேவாலயங்களுக்குப் புரவலர். போதகரைத் தெரிவுசெய்யும் உரிமையும் அவருடையதே. எனவே முதல் சேகரத்தின் புரவலர் யார் என்று பார்த்தால், அந்த இளைஞர் இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு வழி கிடைப்பதுண்டு.

தேவாலயப் பதிவேடுகள்

இப்போதுதான் பதிவேட்டைத் திறக்கவேண்டும். சாக்சனி மாகாணம், பிராண்டன்பூர்க் ஆகிய பகுதிகளின் பல பதிவேடுகளும், கிழக்கு மாகாணங்களிலிருந்து மீட்கப்பட்டு பெர்லினிலுள்ள எவாங்கெலிஷ் மத்தியக் காப்பகத்தில் இருக்கும் பதிவேடுகளும், 2015-இல் தொடங்கிய ஆர்கியோன் என்னும் கட்டணத் தளத்தில் படங்களாக உள்ளன. எந்தச் சேகரத்தின் எந்த ஆண்டுகள் உள்ளன என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பார்க்கலாம். போலந்து அரசுக் காப்பகங்களின் பதிவேடுகள் அவற்றின் பொதுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்னும் வம்சாவளித் தளத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் கிடைத்தால், பட்டியலோடு நிற்காமல் மூலப் படத்தைப் பாருங்கள்.

கையெழுத்தே முதல் தடை. குரென்ட் என்னும் பழைய ஜெர்மன் எழுத்துமுறையை ஒரு மாதம் நாள்தோறும் எழுதிப் பழகினால் வாசிக்க வரும். கண்ணால் மட்டும் பழக முயல்வதைவிட எழுதிப் பழகுவது விரைவில் பலிக்கும். தேதிகள் பல நேரம் திருநாள் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் ஐந்தாம் ஞாயிறு என்பதுபோல. புராட்டஸ்டன்ட் பகுதியான பிராண்டன்பூர்கில் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது, 1700 பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1 ஆனது. அதற்கு முந்தைய தேதிகளைப் பழைய நாட்காட்டிப்படியே எழுதி, அப்படி எழுதியதையும் குறித்துவிடுங்கள்.

போதகர் குடும்பத்தின் பதிவுகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பதிவேட்டை எழுதியவரே தந்தை. தம் பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பதியும்போது மற்றவர்களுக்கு எழுதாத பிறந்த நேரத்தையும், சில வேளை ஒரு வேத வசனத்தையோ ஜெபத்தையோ அவர் சேர்த்திருப்பார். நீட்சேக்கு 1844 அக்டோபர் 24 அன்று ஞானஸ்நானம் கொடுத்தவர் அவருடைய தந்தையே. மன்னர் நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்மின் பிறந்த நாளில் பிறந்ததால் மன்னரின் பெயரையே மகனுக்கு வைத்தார். ரோக்கன் சேகரம் அவருக்குக் கிடைத்ததும் மன்னரின் ஆதரவால்தான். புதிய போதகர் பொறுப்பேற்றதும் கையெழுத்து மாறும்; அந்த மாற்றமே நியமனத் தேதிக்கு ஒரு சான்று. பதிவேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தவறாமல் பாருங்கள். முந்தைய போதகர்களின் வரிசை, குருமனை தீப்பற்றியது, போர்ப்படை வந்து தங்கியது என்று பலவற்றை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயர்களை முழுமையாகப் படியெடுக்கவேண்டும். போதகர் வீட்டுக் குழந்தைக்குப் பக்கத்துச் சேகரப் போதகர், வட்டக் கண்காணிப்பாளர், புரவலரின் மனைவி, தாய்மாமன், பாட்டி ஆகியோர் ஞானப்பெற்றோராக நிற்பார்கள். ஒரே தம்பதியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த ஞானப்பெற்றோரை ஒரே தாளில் எழுதினால், இரு வீட்டு உறவும் அதில் துலங்கும்.

பெண்வழி

தந்தைவழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர் போதகர் குடும்பத்தின் பாதியைத் தவறவிடுகிறார் என்று உறுதியாகச் சொல்வேன். இந்தக் குடும்பங்கள் தமக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டன. போதகர் மகள் போதகரைக் கட்டுவது ஊரறிந்த வழக்கம். நீட்சேயின் தாய் ஃபிரான்சிஸ்கா, போப்லஸ் போதகர் டாவிட் எர்ன்ஸ்ட் ஓலரின் மகள். அந்த வீட்டில் பதினோரு பிள்ளைகள். தந்தைவழிப் பாட்டி எர்ட்முத்தே, கிரவுசே என்னும் குருமார் குடும்பத்தில் பிறந்து, ஒரு முறை விதவையாகி, பின்பு ஐலன்பூர்க் கண்காணிப்பாளருக்கு இரண்டாம் மனைவியானவர். அவருடைய சகோதரர் கோனிக்ஸ்பெர்கில் இறையியல் பேராசிரியராக இருந்து பின்னர் வைமாரில் தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு தத்துவவாதியின் பெற்றோரைத் தேடப் போனால் இரண்டு அரசுகளின் குருமனைகள் ஒரே வலையாக விரிகின்றன.

திருமணம் வழக்கமாக மணமகளின் சேகரத்தில் நடக்கும் என்பதால், மாப்பிள்ளையின் ஊர்ப் பதிவேட்டில் அது இல்லாமல் போவது இயல்பு. மணமகளின் தந்தை எங்கே போதகர் என்பதை நிரல் நூலில் பார்த்து அங்கே தேடுங்கள். அவரே திருமணத்தை நடத்திவைத்திருப்பார். இன்னொரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ளவேண்டும். போதகர் இறந்தால் அவருடைய மனைவி மக்கள் குருமனையை விட்டு வெளியேறியாக வேண்டும். அவர்கள் நடுத்தெருவில் நிற்காதிருக்க, புதிதாக வருகிறவர் முன்னவரின் விதவையையோ மகளையோ மணக்கும் வழக்கம் வட ஜெர்மனியின் பல பகுதிகளில், சிறப்பாக பொமரேனியாவில், நெடுங்காலம் இருந்தது. ஆகவே ஒருவரின் மனைவியின் பெயர் தெரியாதபோது, அவருக்கு முன் அதே சேகரத்தில் இருந்தவரின் குடும்பத்தை முதலில் பாருங்கள். பதிவில் விதவையின் பெயர் இறந்த கணவரின் குடும்பப் பெயரோடு இருக்கக்கூடும். அது பிறந்த வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டால் கொடிவழி முழுவதும் கோணலாகிவிடும்.

மறுமணம் செய்யாத விதவை அருகிலுள்ள நகரத்துக்குப் போய்விடுவார். 1849-இல் கார்ல் லூட்விக் இறந்ததும் நீட்சேயின் தாய் பிள்ளைகளோடும் மாமியாரோடும் 1850-இல் நாவ்ம்பூர்கில் குடியேறினார். ரோக்கன் பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயர் திடீரென்று மறைவதற்குக் காரணம் அதுவே. இத்தகைய இடத்தில் வட்டாரத்தின் உயர்நிலைப் பள்ளி இருந்த நகரத்தில் தேடுங்கள். மகன்களின் படிப்புக்காக விதவைகள் அங்கேதான் போனார்கள்.

அச்சிட்ட இறுதிச் சடங்கு உரைகள்

ஏறத்தாழ 1550-க்கும் 1750-க்கும் இடையே, வசதியுள்ள புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் அடக்க ஆராதனையில் நிகழ்த்திய பிரசங்கத்தை அச்சிட்டு வெளியிட்டன. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு அதில் தனிப்பகுதியாக இருக்கும். பெற்றோர், சில வேளை பாட்டன் பாட்டி, திருமணம், பிள்ளைகள், கடைசி நோய் வரை எழுதியிருப்பார்கள். போதகர்களும் அவர்களின் மனைவியரும் இதில் பெரும்பங்கு பெற்றார்கள். வோல்ஃபன்பியூட்டல் நகரின் ஹெர்ட்சோக் ஆகஸ்ட் நூலகத்தில் ஸ்டோல்பெர்க் தொகுப்பு என்னும் பெருந்திரட்டு உள்ளது. மார்பூர்கில் 1976-இல் தொடங்கிய ஆய்வு மையத்தின் தரவுத்தளத்தை இணையத்தில் தேடலாம். முப்பதாண்டுப் போரில், அதாவது 1618 முதல் 1648 வரை, எரிந்துபோன பதிவேடுகளின் இடத்தை இவ்வுரைகள் ஓரளவு நிரப்புகின்றன. இறந்தவரின் புகழ்ச்சிக்காக எழுதியவை என்பதால் நற்குணப் பட்டியலைத் தள்ளிவிட்டுப் பெயரையும் தேதியையும் எடுங்கள். அக்காலத்தில் குடும்பப் பெயர்கள் லத்தீன் வடிவம் பெற்றிருக்கும். தந்தை ஷ்மிட் என்றும் மகன் ஃபப்ரிசியுஸ் என்றும் எழுதப்பட்டிருந்தால் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று பாருங்கள்.

சபைப் பிரிவும் படைப்பிரிவும்

பிராண்டன்பூர்க் ஆட்சியாளர் யோஹான் சிகிஸ்முண்ட் 1613-இல் புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான கால்வினிய சீர்திருத்த சபையில் சேர்ந்தார். மக்களில் பெரும்பாலோர் லுத்தரன் சபையிலேயே இருந்தார்கள். மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1817-இல் இரண்டையும் இணைக்கும்வரை ஒரே நகரில் இரு சபைகளுக்கும் தனித்தனிப் போதகர்களும் தனித்தனிப் பதிவேடுகளும் இருந்தன. 1768-இல் பிரெஸ்லாவில் பிறந்த ஷ்லையர்மாகரை அந்நகரின் பெரிய லுத்தரன் தேவாலயங்களில் தேடிப் பயனில்லை. அவருடைய தந்தை கோட்லீப் அடோல்ஃப் சீர்திருத்த சபையின் படைப் போதகர். பாட்டனார் டானியல், தொலைவில் எல்பர்ஃபெல்டில் போதகராக இருந்தவர். அவ்வூர் அப்போது பிரஷ்யாவிலேயே இல்லை. தாய் பெர்லின் அரண்மனைப் போதகர் ஸ்டூபன்ரவுக்கின் மகள். தாய்மாமன் ஹாலேயில் இறையியல் பேராசிரியர். சீர்திருத்த சபையின் இளைஞர்கள் ஓடர் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட், டூயிஸ்பூர்க், டச்சுப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் படிப்பது வழக்கமென்பதால், சபை தெரிந்தால் பல்கலைக்கழகத்தையும் ஊகிக்கலாம். முந்தைய தலைமுறையினர் இதே பெயரை ஜெர்மன் எழுத்துகளில் சற்று வேறாக எழுதினார்கள். தேடும்போது எல்லா எழுத்து வடிவங்களையும் முயலவேண்டும். படைப் போதகர்களின் பதிவேடுகள் ஊர்வாரியாக இல்லாமல் படைப்பிரிவுவாரியாக வைக்கப்பட்டன. பழைய பிரஷ்யப் படையின் பதிவேடுகள் பெர்லின் டாலமிலுள்ள அரசு ரகசியக் காப்பகத்தில் உள்ளன.

ஹாலேயிலுள்ள ஃபிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தையும் இங்கே சொல்லவேண்டும். அங்குள்ள அநாதை இல்லப் பள்ளியிலும் பிற பள்ளிகளிலும் படித்த போதகர் பிள்ளைகளின் பெயர்கள் அதன் சேர்க்கை ஏடுகளில் உள்ளன. தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அதே காப்பகத்தில்தான் இருக்கின்றன. தஞ்சாவூரில் 1798-இல் மறைந்த மிஷனரி கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் ஸ்வார்ட்ஸ் பிராண்டன்பூர்க் பகுதியின் சோனன்பூர்கில் பிறந்தவர். அவருக்கு ஹாலேயில் தமிழ் கற்பித்த பெஞ்சமின் ஷுல்ட்சேயும் அதே ஊர்க்காரர். 1803-இல் வேலூரில் இறந்த மிஷனரி கெரிக்கே பொமரேனியாவின் கோல்பெர்கில் பிறந்தார். இவர்களின் குடும்பங்களைத் தேட விரும்பும் தமிழ் வாசகர், மிஷனுக்குத் தேர்வானபோது எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளை முதலில் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பதிவேடு அழிந்திருந்தால்

1794-இன் பிரஷ்யப் பொதுச் சட்டம் தேவாலயப் பதிவேட்டுக்கு ஒரு படி எடுத்து ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொன்னது. தேவாலயப் பணியாளரான கோயிற்பிள்ளை எழுதிய அந்தப் படிகள் 1874 வரை தொடர்ந்தன. மூலம் 1945-இல் எரிந்த இடங்களில் படி வேறு காப்பகத்தில் பிழைத்திருப்பதுண்டு. அது போலந்திலா ஜெர்மனியிலா என்று இரு பக்கமும் கேளுங்கள். 1930-களிலும் 1940-களிலும் எடுத்த படச்சுருள்கள் சில, மூலம் அழிந்த பிறகும் மிஞ்சி லைப்சிக்கிலுள்ள வம்சாவளி மையத்துக்கு வந்து சேர்ந்தன. இவையும் இல்லையென்றால் சேகரத்தை விட்டு மேலே போங்கள்: கொன்சிஸ்டோரியம் என்னும் திருச்சபை நிர்வாக மன்றத்தின் தேர்வுக் கோப்புகள், நியமனக் கோப்புகள், விதவை நிதிக் கணக்குகள், வட்டக் கண்காணிப்பாளரின் ஆய்வறிக்கைகள் ஆகியவற்றில் அதே மனிதர் மறுபடியும் வருவார்.

காப்பகத்துக்கு எழுதும் கடிதம் ஜெர்மனிலோ போலிஷிலோ சுருக்கமாக இருக்கட்டும்: ஒரு நபர், ஒரு நிகழ்வு, ஓர் ஊர், ஐந்தாண்டுக்கு மிகாத கால எல்லை. குடும்பக் கதை முழுவதையும் எழுதி ஐந்து கேள்விகள் கேட்டால் பதில் தாமதமாகும். பதில் வந்ததும் கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் அன்றே உங்கள் தாளில் ஏற்றுங்கள். தேடியும் கிடைக்காத பதிவேடுகளின் பெயரையும், நீங்கள் பார்த்த ஆண்டுகளையும் அதே தாளில் எழுதி வையுங்கள். குடும்பத்தில் அடுத்துத் தேட வருகிறவர் அவற்றை விட்டுவிட்டு, நீங்கள் நிறுத்திய சேகரத்திலிருந்தே தொடங்க அது உதவும்.